முள் நடுவிலேயே நின்ற வண்டி

பிரபு,

நாலு நாளாக நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். எடுத்தால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், பேசி முடிப்பதற்குள் நடந்த விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி ஆகிவிடும். போன வாரம் வரை அப்படித்தான் ஆனது. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் நடுவில் "அது இல்ல மா" என்று மறிக்க முடியாது. இந்தக் கடிதத்தை நான் ஒட்டி அனுப்பப் போவதில்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு ஒரு நகல் எடுத்துத் தணிகாசலம் அண்ணன் வீட்டிலும் கொடுக்கப் போகிறேன். அவர்களுக்குத் தெரியக் கூடாதது என்று மற்றப் பக்கங்களில் இனி எதுவும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு நிச்சயதார்த்தம். மகனுக்குக் கல்யாணம் கூடி வரும் நேரத்தில் ஒரு தாய் எழுதுகிற கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். அந்தப் பெண்ணைக் கண் கலங்க விடாதே, கோபம் வந்தால் வெளியே போய் நடந்துவிட்டு வா, சம்பாத்தியத்தை மறைக்காதே என்றெல்லாம் ரொம்ப நாளாக மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். இன்று உட்கார்ந்தால் அதில் ஒரு வரி கூட வரவில்லை. ஒரு மனிதர் கேட்ட கேள்விக்கு நீ சொன்ன பதிலும், அதன் பின்னால் நான் சொன்ன பதிலும், அவை அந்த மனிதரை எங்கே கொண்டுபோய் விட்டன என்பதும்தான் வருகிறது.

தணிகாசலம் அண்ணன் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், தெரிந்தேதான் நீ செய்தாய் என்பதற்காக. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய இதே நந்திதுர்க் லைன் வீடுகளில் நமக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவர். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஷாஃப்ட் என்கிற ஆழ்குழிக்குள் ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டை, கேஜ் என்போமே, அதை மேலே ஒரு கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு ஓட்டுகிற வேலை. கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. அதில் நிற்கிற ஆட்கள் தெரிய மாட்டார்கள். எதிரே ஒரு பெரிய டயல் இருக்கும், அதில் ஓடும் முள்தான் கூண்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லும். உன் அப்பா ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் அவர் கையால்தான் இறங்கினார், அவர் கையால்தான் ஏறினார். ஒரு தடவை டயல் ஒன்று சொல்ல, கயிறு சுற்றும் உருளையில் போட்டிருந்த பெயிண்ட் குறி வேறொன்று சொல்ல, அண்ணன் ஆட்களோடு கூண்டை நடுவழியில் நிறுத்திவிட்டார். மேலதிகாரி வந்து கத்தினாராம். அண்ணன் அசையவில்லை. பார்த்தால் டயலை ஓட்டும் சக்கரத்தில் ஒரு பல் வழுக்கியிருந்தது. அந்தக் கூண்டில் உன் அப்பாவும் இருந்தார். வீட்டுக்கு வந்து, "தணிகாசலம் முள்ளையும் நம்ப மாட்டான், கேட்டுப் பாத்துட்டுதான் நம்புவான்" என்று சொல்லிச் சாப்பிட்டார். சுரங்கம் மூடி, அப்பாவும் போன பிறகு, உன்னைப் பெங்களூரில் முதல் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் இந்த அண்ணன்தான். அன்று நீ இன்டர்வியூ முடிந்து வரும் வரைக்கும் வெயிலில் வெளியே நின்றிருந்தார்.

சரோஜா அண்ணிக்கு முழங்கால் மடங்காமல் போய், கோலார் ஆஸ்பத்திரிக்கு வாரத்துக்கு இரண்டு நாள் போக வேண்டும் என்று ஆனது. பஸ் ஏற முடியவில்லை. "பழைய வண்டி ஒண்ணு பாத்தா இன்னா" என்று அண்ணன் என்னிடம்தான் முதலில் கேட்டார். உன் பெயரை எடுத்தது நான். பெங்களூரில் வேலைக்கு மேல் பழைய கார் வாங்கி விற்கிறாய், நம் பிள்ளை இருக்கும்போது வெளியாளிடம் ஏன் போக வேண்டும் என்று சொன்னேன். நீ அந்த வெள்ளை வண்டியைக் கொண்டுவந்து அவர் வாசலில் நிறுத்தினாய். ராத்திரி கொண்டுவந்து விட்டுவிட்டு, காலையில்தான் காட்டினாய். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், உள்ளே உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார். வெப்பத்தைக் காட்டும் முள் கீழேயிருந்து எழுந்து நேராக நடுவில் வந்து நின்றது.

"இன்னா பிரபு, வண்டி ராத்திரி பூரா நின்னுனு இருந்துச்சு. சில்லுனு கீது. முள்ளு அதுக்குள்ள நடுவுக்கு வந்துடுச்சே?" என்றார்.

"இந்த மாடல் அப்படித்தான் அங்கிள். எல்லாம் கம்ப்யூட்டர் கன்ட்ரோல். நார்மல்னா நடுவுல காட்டும். செவப்புக்குப் போனா மட்டும் பாத்தா போதும்" என்று நீ சொன்னாய்.

அவர் திருப்தியாகவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாம்மா சொல்ற? லேப்புல இருந்தவ நீ."

இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட இயற்பியல் லேப்பில் அசிஸ்டென்டாக இருந்தவள் நான். ஐஸில் வைத்தாலும் வெந்நீரில் வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டும் தெர்மாமீட்டரை எத்தனை தடவை எடுத்து ஓரம் வைத்திருப்பேன். அந்த முள்ளைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று இடறியது உண்மை. ஆனால் நான் சொன்னது, "பிரபு சொன்னா சரியா இருக்கும் ணா." அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார்.

அடுத்து நடந்தது உனக்கு போனில் சொன்னதுதான். ஆனால் நீ அப்போது எங்கோ அவசரத்தில் இருந்தாய், முழுவதும் கேட்கவில்லை. வண்டி வாங்கி ஆறு வாரம் இருக்கும். கோலார் போகிற வழியில், பங்காருபேட்டை தாண்டியதும் வண்டி இழுக்க மாட்டாமல் முனகியது. ஏதோ தீய்கிற வாசனை. அண்ணன் ஓரமாக நிறுத்தி முள்ளைப் பார்த்தார். நடுவில் நின்றது. பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி சாவி போட்டுப் பார்த்தார். நடுவில்தான். கொதிக்கவில்லை, தண்ணீர்தான் குறைந்திருக்கும் என்று நினைத்து, துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. அண்ணி காலை ஊன்ற முடியாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கத்தியிருக்கிறாள். வழியில் போன ஒரு பால் வண்டிக்காரர்தான் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வண்டியைக் கட்டி இழுத்து வந்து அவர்கள் வாசலில் விட்டார்கள். இன்ஜின் போய்விட்டது, பிரயோஜனம் இல்லை என்று ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் கையை விரித்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் நான் போனபோது அண்ணன் யாரிடம் பேசினாலும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "முள்ளு நடுவுலதான் இருந்துச்சு." அவர் மகன் சேகருக்கு எரிச்சல். "முள்ளு செவப்புக்கு ஏறாம இன்ஜின் வேகுமாப்பா? மெக்கானிக்கே சிரிக்கறான். நீ பாக்கல, ஒத்துக்கோ" என்றான். அண்ணி மட்டும் என்னைப் பார்த்து மெதுவாக, "வண்டியிலேயே ஏதோ கோளாறு இருந்திருக்குமோ, பிரபுவைக் கேளேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கை வெந்து கிடக்கிற மனுஷன் பக்கத்தில் நின்றுகொண்டு, "என் புள்ள தெரிஞ்சவங்களுக்குக் கெட்ட வண்டி கொடுக்கறவன் இல்ல அண்ணி. நானே பாத்து நிரூபிக்கறேன்" என்றேன். சேகரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன். இதை நீ நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும், பிரபு. உன்னைக் காப்பாற்றத்தான் அந்த வண்டியை நான் திறந்தேன்.

லைனில் எல்லோருடைய மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் ரிப்பேருக்கு என்னிடம் வருவது உனக்குத் தெரியும். மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் வீட்டிலேயே இருக்கிறது. போனில் இரண்டு வீடியோ பார்த்து, இன்ஜினில் வெப்பத்தை அளக்கிற சென்சார் எங்கே இருக்கும், அதிலிருந்து முள்ளுக்கு வயர் எப்படிப் போகும் என்று கற்றுக்கொண்டேன். லேப்பில் பழகியதுதான், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். முதலில் சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு வாரமாக அசையாமல் நிற்கிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது, முள் நடுவில். சரி, சென்சார் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். சென்சாரின் வயரைக் கழற்றினேன். வயர் கழன்றால் முள் கீழே விழ வேண்டும். விழவில்லை. நடுவிலேயே நின்றது. சென்சாரே இல்லாமல் முள்ளுக்கு யார் செய்தி சொல்கிறார்கள்? அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பேட்டரிக்குப் பின்னால், கறுப்பு டேப் கொஞ்சம் தடிமனாகச் சுற்றியிருந்த ஓர் இடம். பிரித்தேன். முள்ளுக்குப் போகும் வயரை வெட்டி, ரெசிஸ்டர் என்கிற ஒரு சின்ன மின்தடையில் சேர்த்து, அதன் மறுமுனையை வண்டியின் உடம்பில் எர்த் செய்திருந்தது. சென்சாரிலிருந்து வந்த வயரின் முனை தனியாக டேப் சுற்றிச் சும்மா கிடந்தது. இன்ஜின் பனிக்கட்டியாக இருந்தாலும் தீயாக எரிந்தாலும் அந்த முள் நடுவில்தான் நிற்கும். அதற்காகவே யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை அது. சால்டரிங் கூட சுத்தமாக இருந்தது.

அப்போதும் நீ என்று நான் நினைக்கவில்லை. உனக்கு விற்றவன் உன்னை ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். உன் மேல் பாவமாகக் கூட இருந்தது. அங்கே நின்றபடியே உனக்குப் போன் செய்தேன். நீ ஆச்சரியப்படுவாய், யார் செய்தது என்று கேட்பாய் என்று எதிர்பார்த்தேன்.

நீ கேட்டது, "அதை ஏன் மா பிரிச்ச?"

நான் கேட்பதற்கு முன் நீயே பேசினாய். "அது பெரிய விஷயம் இல்ல மா. அந்த சென்சார் ஃபால்ட்டி. சும்மா சும்மா ஜாஸ்தியா காட்டும். வாங்கறவங்க பயப்படுவாங்கன்னு ஒரு ரெசிஸ்டர் போட்டேன். இந்த ஃபீல்டுல எல்லாரும் பண்றதுதான். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." அவர் கையைப் பற்றிக் கேட்டாயா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கேட்டாய், கடைசியில், "அங்கிள் எப்படி இருக்காரு?" என்று.

நீ சொன்னதை நான் நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன் என்று எழுதுவதுதான் சரி. சென்சார் பொய்யாக அதிகம் காட்டியது, நீ அதை வாயடைத்தாய், பிறகு வேறு காரணத்தால் வண்டி கெட்டது என்றால், நீ செய்தது அசட்டுத்தனம், துரோகம் இல்லை. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு மறுநாள் சென்சாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் சென்சாரின் நுனியைத் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரையும் வைத்து அடுப்பைப் பற்றவைத்தேன். மல்டிமீட்டரை இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டு நோட்டில் எழுதினேன். சூடு ஏற ஏற மீட்டர் காட்டும் மின்தடை எண் குறைந்துகொண்டே வர வேண்டும். வந்தது. ஓரிடத்திலும் தாவவில்லை, தடுமாறவில்லை. அடுப்பை அணைத்து ஆற விட்டேன், வந்த வழியிலேயே திரும்பி ஏறியது. நான் தப்பாகப் பார்க்கிறேனோ என்று மூன்று தடவை செய்தேன். அதைவிட நல்ல சென்சாரை எங்கள் லேப்பிலும் பார்த்ததில்லை. அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வண்டி பழசு, அந்த இன்ஜினில் எல்லாமே கறுத்துக் கிடக்கிறது. சென்சார் மட்டும் புத்தம் புதுசாக, பித்தளை மின்னிக்கொண்டு இருந்தது.

இரண்டாவது தடவை உனக்குப் போன் செய்தேன். "சென்சாரை மாத்தினியா?" என்று மட்டும் கேட்டேன். நீ என் குரலைக் கவனிக்கவில்லை. "மாத்திப் பாத்தேன் மா. புதுசும் அதேதான் காட்டிச்சு" என்று சொல்லிவிட்டாய். சொன்ன பிறகுதான் உனக்கே கேட்டிருக்கும். பழைய சென்சார் சிவப்பு காட்டியது. நம்பாமல் புதுசு போட்டாய், அதுவும் சிவப்பு காட்டியது. வண்டி உண்மையிலேயே கொதிக்கிறது என்று அப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. இன்ஜினைச் சரி செய்யவில்லை. முள்ளைச் சரி செய்தாய். அதன் பிறகு அந்த வண்டியை நமக்காக வெயிலில் நின்றவருக்குக் கொண்டுவந்து கொடுத்தாய்.

"கல்யாணம் முடியட்டும் மா. திவ்யா வீட்டுல தெரிஞ்சா அவ்ளோதான். யார்கிட்டயும் சொல்லாத, ப்ளீஸ்" என்றாய்.

நான் சொல்லவில்லை. பிரித்த டேப்பை நானே திரும்பச் சுற்றினேன். சென்சாரை அதன் இடத்தில் மாட்டினேன். சாவியைச் சேகரிடம் கொடுத்து, "எனக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்றேன். உன் மேல் எழுதுகிற குற்றத்தில் என் பங்கை நான் குறைத்து எழுதப் போவதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், நீ மறந்திருப்பாய். எங்கள் லேப்பிலேயே நடந்த பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிகல் பரீட்சையில் உனக்கு வந்தது வெந்நீர் ஆறுவதை அளக்கும் சோதனை. நீ நேரத்துக்கு எழுதாமல் விட்டு, அளவுகள் தாறுமாறாக வந்து, வியர்த்துக்கொண்டு நின்றாய். நான் பாத்திரம் எடுக்க வருவது போல வந்து ஒரு துண்டுச் சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனேன். அதில் வரிசையாக, அழகாக இறங்கும் எண்கள். நானே இட்டுக்கட்டியவை. அப்பா இல்லாத பிள்ளை, ஒரு பரீட்சையில் கைகொடுத்தால் என்ன என்று நினைத்தேன். நீ முழு மார்க் வாங்கினாய். அன்று சாயங்காலம் நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. பேசியிருக்க வேண்டும். அது உன் குற்றத்துக்குச் சாக்கு ஆகாது, நீ இப்போது முப்பது வயது மனிதன். ஆனால் இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாதது போல நான் நடிக்க முடியாது.

பதினோரு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதினோரு நாளில் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அண்ணன் கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தார். முதலில் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்க் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டார். கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். அது அவருக்குச் சந்தோஷமாக இல்லை. கண் சரி என்றால் மூளைதான் என்று சேகர் முடிவு கட்டிவிட்டான். இணையத்தில் எதையோ படித்துவிட்டு, ஞாபக மறதியின் ஆரம்பம் இப்படித்தான் இருக்குமாம் என்று சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, பயந்துவிட்டான். வீட்டில் கேஸ் அடுப்பைத் தொடாதே என்றார்கள். தனியாகத் தெரு தாண்டாதே என்றார்கள். ஒரு நாள் நான் போனபோது அண்ணன் அந்தச் செத்த வண்டிக்குள் உட்கார்ந்து, எதிரே இருந்த டயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவி அவரிடம் இல்லை, முள் கீழே படுத்திருந்தது.

"நான் பாத்தேம்மா. ரெண்டு வாட்டி பாத்தேன்" என்றார். "எத்தினி ஆளை எறக்கி ஏத்துனேன். ஒரு நாள் தப்பா பாத்தது இல்ல. இப்ப நெனச்சா, பாத்தேனா, பாத்த மாதிரி நெனச்சுக்கினேனான்னே தெரியல. நீ சொல்லு. நடுவுல இருந்திருக்குமா?"

நான் அவருக்குப் பதில் சொன்னேன், பிரபு. "வயசாயிடுச்சுல்ல ணா. விடுங்க" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். கார் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வீட்டுக்குள் போனார். நீ அவருக்குச் சொன்ன பொய்யைவிட இது பெரிய பொய். உன் பொய் ஒரு வண்டியைப் பற்றியது. நான் அவரைப் பற்றியே அவரிடம் பொய் சொன்னேன். அதன் பிறகும் ஆறு நாள் சும்மா இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை காலை, சேகர் அவரைப் பெங்களூரில் நரம்பு டாக்டரிடம் காட்டக் கூட்டிப் போகிறான் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். தலைக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறார்களாம். நான் உடுத்தியிருந்த புடவையோடு மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு ஓடினேன். காலை வண்டி நின்றிருந்தது. வேலைக்குப் போகிற ஜனம் எல்லாம் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது. அண்ணி கால் மடங்காததால் ஏற முடியாமல் படிக்குப் பக்கத்தில் நிற்க, சேகர் அவளைக் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தான். அண்ணன் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு, எங்கே நிற்கச் சொன்னார்களோ அங்கே நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"ஏறாதீங்க ணா" என்றேன். மூச்சு வாங்கியது. "முள்ளு நடுவுலதான் இருந்துச்சு. நீங்க பாத்தது சரி. முள்ளு எப்பவும் நடுவுல நிக்கற மாதிரி பிரபு வயரை மாத்தி வெச்சிருந்தான். நான் பிரிச்சுப் பாத்தேன். எனக்குத் தெரியும்."

சேகர், "இன்னா அத்தை சொல்றீங்க?" என்றான். அண்ணன் அவனைக் கையமர்த்தினார். கட்டுப் போட்ட கையால்.

"திரும்பச் சொல்லு" என்றார். "இவனைப் பாத்துச் சொல்லு."

சேகரைப் பார்த்துச் சொன்னேன். "உங்கப்பா பாத்தது சரிப்பா. ரெண்டு தடவையும் சரி. அவருக்கு ஒண்ணும் இல்ல." சேகர் தரையைப் பார்த்தான். அண்ணன் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். வண்டி கிளம்பிப் போனது. அண்ணி என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

"பதினோரு நாள்" என்றேன்.

அதற்கு மேல் அவள் பேசவில்லை. இன்று வரை பேசவில்லை. முப்பது வருஷமாக ஒருத்தி வீட்டுக் குழம்பை ஒருத்தி ருசி பார்த்தவர்கள் நாங்கள். இப்போது குழாயடியில் நான் வந்தால் அவள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போகிறாள். உனக்காக நான் இழந்தவற்றில் இது ஒன்று. இதை உன்னிடம் கணக்குக் கேட்கவில்லை, நானே இழந்ததுதான். ஆனால் தெரிந்துகொள்.

சேகர் போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்கிறான். கொடுக்கட்டும். கேட்டால் நான் பார்த்ததைச் சொல்வேன், நோட்டில் எழுதியதையும் கொடுப்பேன். பெற்றவளே சாட்சி சொன்னாள் என்று ஊர் பேசும். பேசட்டும். திவ்யா வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. அது நீ சொல்ல வேண்டியது, அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால். அந்தப் பெண் நாளைக்கு உன்னிடம் ஏதோ ஒன்றைக் கேட்பாள், நீ ஒரு பதில் சொல்வாய், அவள் சரி என்று நம்பிச் சாவியை எடுத்துக்கொள்வாள். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. புத்திமதி என்று நான் எழுத நினைத்திருந்ததில் மிஞ்சியது இவ்வளவுதான்: கேட்கிறவர் உன்னை நம்பித்தான் கேட்கிறார். வேறு யாரிடமும் கேட்க அவருக்கு வழியில்லை.

நேற்று மத்தியானம் அண்ணன் வந்தார். அண்ணிக்குத் தெரியாமல் வந்திருப்பார் போல, வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. ஆனால் தனியாகத்தான் நடந்து வந்திருந்தார்.

"பிரபு வருவானா?" என்றார்.

"தெரியல ணா."

"வந்தா என்கிட்ட அனுப்பு. திட்ட மாட்டேன். ஒண்ணு கேக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்கி நான் முள்ளைப் பத்தி கேட்டப்ப, அவன் என் மூஞ்சியப் பாத்து சொன்னானா, எங்கனா பாத்துக்கினு சொன்னானா? எனக்கு அது மட்டும் ஞாபகம் வர மாட்டேங்குது. எங்கனா பாத்துக்கினு சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அதான்."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது, பிரபு. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நீ குனிந்து, கார் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு, அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாய். ஒரு தரம் கூட உன் பார்வை நகரவில்லை. அதை அவருக்கு நான் சொல்ல மாட்டேன், அதனால்தான் நகலில் இந்தப் பக்கம் இருக்காது. சனிக்கிழமை சாயங்கால வண்டிக்கு வா. ஸ்டேஷனிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போய், நீயே சொல்லிவிட்டு அப்புறம் இங்கே வா. அங்கே போகாமல் வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன்.

அம்மா